மெதுவாகச் சுழலும் பி.எல்.டி.சி. மோட்டாரில் டார்க் ரிப்பிளை (முறுக்குவிசையின் ஏற்ற இறக்கத்தை) குறைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கேமராவை மெதுவாகச் சுழற்றும் மேடை ஒன்றைக் கியர் இல்லாமல் நேரடியாக மோட்டாரின் மேலேயே பொருத்தியுள்ளேன். அது 12 ஸ்லாட்டும் (சுருள் சுற்றும் பள்ளங்கள்) 14 காந்த முனைகளும் கொண்ட பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார். அதை இயக்குவது, காந்தங்களின் நிலையை உணரும் ஹால் சென்சார் வழியே மின்னோட்டத்தை ஆறு படிகளாக மாற்றும் ஆறுபடி டிரைவர். நிமிடத்திற்கு 5 சுற்று வேகத்தில் மேடை விட்டுவிட்டு நகர்வது காணொளியில் தெளிவாகத் தெரிகிறது. வேகத்தைக் கூட்டினால் மறைந்துவிடுகிறது. மோட்டாரை மாற்றுவதா, டிரைவரை மாற்றுவதா?

மறுமொழி 1:
எதையும் வாங்குவதற்கு முன், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்புகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 12, 14 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 84 ஆதலால், காந்தங்கள் ஸ்டேட்டரின் (மோட்டாரின் சுழலாத பகுதியின்) பற்களை இழுப்பதால் உண்டாகும் காகிங் ஒரு சுற்றுக்கு 84 முறை வரும். ஆறுபடி டிரைவர் மின்னோட்டத்தைச் சுருளுக்குச் சுருள் மாற்றும் தருணங்களோ, 7 முனை இணைகளுக்கு ஆறாறாக, 42 தான். உங்கள் வேகத்தில் முன்னது நொடிக்கு 7, பின்னது நொடிக்கு 3.5. மூன்று வயர்களையும் கழற்றிவிட்டுக் கையால் திருப்பும்போதும் தடங்கல் இருந்தால் அது காகிங்கே. வயர்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மோட்டார் தானே பிரேக் பிடிக்கும்.

மறுமொழி 2:
காந்தங்களின் வலிமை ஒரே சீராக இல்லாத மோட்டாரின் காகிங்கில் 12-இன் மடங்குகளும் தலைகாட்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். 84-ஐக் கருதிச் சாய்த்து அமைத்த ஸ்டேட்டர் அவற்றை நீக்காது.

கேட்டவர்:
கழற்றித் திருப்பினேன், தடங்கலே இல்லை. வேகப் பதிவில் 42 துடிப்புகள் தெரிகின்றன.

மறுமொழி 1:
அப்படியானால் மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. துளையிடும் இயந்திரத்தால் அதைச் சுழற்றி, இரு வயர்களுக்கு இடையே எழும் மின்னழுத்தத்தை அலைகாட்டியில் பாருங்கள். அது சைன் அலையாக இருந்தால், மின்னோட்டம் எவ்வளவு சீராக இருந்தாலும் ஆறுபடி முறையில் முறுக்குவிசை ஒவ்வொரு படியிலும் உச்சத்தின் 86.6 சதவீதம் வரை இறங்கி ஏறும். ஆகவே சைன் மின்னோட்டம் தரும் எஃப்.ஓ.சி. டிரைவருக்கு மாறுவதே சரி. இவ்வளவு குறைந்த வேகத்தில் ஹால் சென்சார் தரும் ஆறு நிலைகள் போதா. சுழலும் கோணத்தை நுணுக்கமாக அளக்கும் காந்த என்கோடர் கட்டாயம் வேண்டும்.

மறுமொழி 2:
மாற்றிய பிறகும் எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். சுற்றுக்கு 7 துடிப்புகள் வந்தால் மின்னோட்ட சென்சாரின் பூஜ்யம் விலகியிருக்கிறது. 14 வந்தால் சென்சார்களின் கெயின் (பெருக்கும் அளவு) ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை. பூஜ்யம் வெப்பத்தோடு நகரக்கூடியது என்பதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மின்னோட்டம் பாயாத நிலையில் அதை அளந்து கழித்துவிடுங்கள். 42 சிறிதளவு எஞ்சினால், டிரைவரின் மேல், கீழ் மாஸ்ஃபெட் சுவிட்சுகள் ஒருசேர இயங்காதிருக்க விடப்படும் சிறு இடைவெளியான டெட் டைமுக்கு ஈடுசெய்யும் வசதி டிரைவரில் உள்ளதா என்று பாருங்கள்.