அவருக்காக நான் சொன்ன பொய்

தூறல்:
பதினொரு வருடம் ஆகிவிட்டது, அந்தக் காலை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரருடைய மேலாளருக்கு நான்தான் போன் போட்டேன். "காய்ச்சல் சார், ராத்திரி முழுக்க அனத்தினார்." கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவர், நான் போனை வைத்ததும் பெருமூச்சு விட்டார். நெற்றிச் சுருக்கம் அப்படியே தளர்ந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த மாதத்தில் அது நாலாவது காய்ச்சல். அவர் நிம்மதியாகக் குடிக்க நானே வழி செய்து கொடுக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்திவானம்:
எங்கள் வீட்டில் குடித்தது என் மனைவி. நான் பொய் சொல்லவில்லை, காவல் காத்தேன். துணிக்கூடை, அரிசி டப்பா என்று தேடித்தேடி எடுத்துக் கொட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மாலை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் அவள் உதட்டுக்கு எட்டவில்லை. மடியெல்லாம் ஈரம். "கொஞ்சம் பிடியேன்" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தேன். அன்று ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றல், உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அந்த டம்ளரையாவது பிடித்திருக்கலாம்.

நெடுவழி:
தூறல், நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடித்தது அவர், நீங்கள் இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் லோயிஸ் வில்சன் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களில் முதலில் சொல்வதே இதுதான்: இது நம்மால் வந்ததில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். கிராஃப்ட் என்று குடும்பத்தாருக்கான பயிற்சி இருக்கிறது. குடிக்காத நாளில் கூடவே உட்கார்ந்து பேச வேண்டும், குடித்து வந்தால் சண்டை போடாமல் விலகிவிட வேண்டும், விடுப்புக்கு அவரே போன் போடட்டும். 1999-ல் வந்த அமெரிக்க ஆய்வில், இப்படிப் பயின்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து கண்டிக்கும் முறையில் 30 சதவீதம்தான். அடி உதை இருக்கும் வீட்டில் மட்டும் முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். இன்னொன்று, குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடாதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

என் கதை சின்னது. ஒருநாள் அவர் குடிக்காமல் ஆறு மணிக்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முந்தின நாள் கோபத்தில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தூறல்:
நெடுவழி, நான் யோசனை கேட்கவில்லை. ஆனால் கடைசி மூன்று வரியை நாலு தடவை படித்தேன். அந்திவானம், அவங்க இப்போது எப்படி இருக்காங்க?

அந்திவானம்:
நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. கை நடுக்கம் இல்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் இரண்டு கையாலும்தான் வாங்குகிறாள்.