பி12, இரும்புச்சத்து டெஸ்ட்டுக்கு மெடிக்ளைம் கிடைக்குமா? ஒரு நாள் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள்

கோவைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, கோவையில் ஐடி வேலை, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. கொஞ்ச மாதங்களாகவே சாயந்தரம் ஆனால் உடம்பில் தெம்பே இருப்பதில்லை, இரவில் உள்ளங்கால் எரிகிறது, விரல் நுனிகள் மதமதவென்று இருக்கின்றன, வாயோரம் அடிக்கடி புண், தலை சீவினால் கொத்தாக முடி வருகிறது. பிசிஓடிக்காக (சினைப்பை நீர்க்கட்டி) சில வருடங்களாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன், முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் தெரு டாக்டர் ஊட்டச்சத்துக் குறைபாடாக இருக்கலாம் என்று சிபிசி (இரத்த அணுக்களின் கணக்கு), ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் எழுதிக்கொடுத்தார். லேபில் கேட்டால் "பேக்கேஜாகவே எடுத்துடுங்க" என்று பெரிய தொகை சொல்கிறார்கள். எனக்குக் கம்பெனி குரூப் பாலிசி இருக்கிறது, அது போக வீட்டுக்காரர், குழந்தைகளோடு சேர்த்துத் தனியாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டரும் போட்டிருக்கிறோம். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோம், இதுவரை ஒரு ரூபாய் கிளைம் வாங்கியதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு உங்கள் பாலிசியில் ஓபிடி (அட்மிட் ஆகாமல் வெளியே பார்க்கும் வைத்தியம், டெஸ்ட்) இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் "ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க மேடம், எல்லா டெஸ்ட்டும் உள்ளேயே முடிச்சிடலாம், கேஷ்லெஸ், இன்சூரன்ஸே நேரா கட்டிடும்" என்கிறார்கள். இது சரியா? செய்தால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளைம்_மேசை:

வேண்டாம்மா, செய்யாதீர்கள். நான் டிபிஏவில் (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் நிறுவனம்) கிளைம் ஃபைல் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், இந்த மாதிரி ஃபைல்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. 24 மணி நேரம் படுத்தால் கிளைம் வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 24 மணி நேரம் என்பது ஒரு நிபந்தனை மட்டும்தான். எதற்காகப் படுத்தீர்கள் என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். உங்கள் பாலிசி புத்தகத்தில் விலக்குகள் பகுதியைத் திறந்து எக்ஸ்க்ளூஷன் கோட் 04 என்று தேடுங்கள், எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் அதே வாசகம்தான் இருக்கும், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்தது. பரிசோதனைக்காகவே முக்கியமாக அட்மிட் ஆனால் அந்தச் செலவு கிடையாது என்பதுதான் அதன் சாரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிபி, பல்ஸ் எல்லாம் நார்மல், டிரிப்ஸ் இல்லை, ஊசி இல்லை, ஒரு பக்கம் முழுக்க லேப் ரிப்போர்ட் மட்டும் என்று இருந்தால் அதைப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. கேஷ்லெஸ் மறுத்துவிட்டால் ரூம் வாடகை, நர்சிங், டாக்டர் விசிட் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும், வெளியில் டெஸ்ட் எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு. அதே பட்டியலில் கோட் 14 என்று ஒன்று உண்டு: சத்து மாத்திரை, வைட்டமின், மினரல் எதுவும் கிடையாது, ஆஸ்பத்திரி சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதினால் மட்டும் விதிவிலக்கு.

கிளைம் பாஸ் ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் "கடும் மயக்கம், நினைவு தப்பியது" என்று எதையாவது கூட்டி எழுதிவிட்டால் இன்னும் மோசம். அந்தக் காகிதம் உங்கள் பெயரில் நிற்கும். நாளைக்கு வேறு பாலிசிக்கு மாறும்போது அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாத நோய்க்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

சரி, உங்கள் பாலிசியில் எதைப் பயன்படுத்தலாம்? ஃப்ளோட்டரில் வருடாந்திர ஹெல்த் செக்கப் இருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கிறது, யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதில் பி12 பெரும்பாலும் இருக்காது, ஆனால் சிபிசி, சுகர், கொழுப்பு, கிட்னிக்கான கிரியாட்டினின் வந்துவிடும், அவ்வளவு செலவு மிச்சம். கம்பெனி குரூப் பாலிசி என்றால் இன்சூரன்ஸ்காரரை விட்டுவிட்டு எச்ஆரிடம் வெல்னஸ் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், அது பாலிசி காகிதத்தில் வராது, தனியாகப் போட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் டெஸ்ட்டுக்குக் கைக்காசு போடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் ஹெல்த் இன்சூரன்ஸுக்கான வருமான வரிக் கழிவு (80டி என்று சொல்லிப் பழகியது) வரம்புக்குள்ளேயே முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம், ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

டாக்டர் எழுதிய சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒருவேளை இதே பிரச்சினைக்காக நிஜமாகவே அட்மிட் ஆக வேண்டிவந்தால், அதற்கு முந்தைய 30 நாளோ 60 நாளோ, உங்கள் பாலிசியில் உள்ளபடி, எடுத்த டெஸ்ட் பில்லையும் சேர்த்துக் கேட்கலாம். சீட்டு இல்லாத பில்லை நாங்கள் வெட்டிவிடுவோம்.

லேப்அக்கா_திருச்சி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பேக்கேஜ் எடுக்காதீர்கள் தங்கச்சி. எண்பது டெஸ்ட், நூறு டெஸ்ட் என்று எண்ணிக்கை காட்டுவார்கள், சிபிசி ஒன்றையே இருபது வரியாகப் பிரித்து எண்ணியிருப்பார்கள், உங்களுக்கு வேண்டிய ஃபெரிட்டின் அதில் இருக்காது. டாக்டர் எழுதியதை மட்டும் தனித்தனியாக விலை கேளுங்கள், நாலு லேபில் கேளுங்கள், பி12 ஒன்றுக்கே லேபுக்கு லேப் விலை எங்கேயோ போகும்.

பயோட்டினை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், முக்கியமான விஷயம் அது. முடிக்கு விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அளவு ரொம்ப அதிகம், தைராய்டு டெஸ்ட்டைத் தப்பாகக் காட்டவைக்கும், சில மெஷின்களில் பி12 அளவையும் கூட்டிக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம், டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அதே மாதிரி யாராவது "எதுக்கும் ஒரு பி12 ஊசி போட்டுக்கோ" என்றால் இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஊசி போட்டுவிட்டு அப்புறம் டெஸ்ட் எடுத்தால் அளவு எகிறி நிற்கும், குறைபாடு இருந்ததா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கோவைப்பெண்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அட்மிஷன் யோசனையை விட்டுவிட்டேன். எச்ஆரிடம் கேட்டேன், நிஜமாகவே ஒரு செக்கப் இருந்தது, யாரும் சொல்லவே இல்லை! ரிப்போர்ட் வந்துவிட்டது: ஹீமோகுளோபின் 11.1, எம்சிவி 86, ஆர்டிடபிள்யூ 18.9. எம்சிவி நார்மல் என்பதால் பி12 பிரச்சினை இருக்காது, இரும்பு மாத்திரை மட்டும் போதும் என்று ஆபீஸில் ஒரு தோழி சொல்கிறாள். அப்போது பி12 டெஸ்ட்டை விட்டுவிடலாமா?

லேப்அக்கா_திருச்சி:

விடாதீர்கள்! எம்சிவி என்பது சிவப்பணுக்களின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் அணு சிறுத்துப்போகும், பி12 குறைந்தால் பெருத்துப்போகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சராசரி நடுவில் வந்து அழகாக நார்மல் என்று நிற்கும். ஆர்டிடபிள்யூதான் அணுக்களின் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று காட்டுவது, அது 14, 14.5க்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு 18.9. இரும்பு மட்டும் குறைந்தாலும் இது ஏறும், அதனால் இதை வைத்தே பி12 குறைவு என்று சொல்லவில்லை, ஆனால் எம்சிவியைக் காட்டி பி12 டெஸ்ட்டைத் தள்ளவும் முடியாது. கூடவே பெரிஃபெரல் ஸ்மியர் (இரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி அணுக்களைப் பார்ப்பது) ஒன்று கேளுங்கள், விலை குறைவு. பி12 குறைந்தவர்களுக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் உட்கரு ஐந்தாறு துண்டாகப் பிரிந்திருக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும்.

மதுரை_பொதுமருத்துவர்:

ஒரு மருத்துவராக எனக்கு இங்கே முதலில் கண்ணில் பட்டது சைவம், மெட்ஃபார்மின், உள்ளங்கால் எரிச்சல் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதுதான். மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்றே 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. கூடவே பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரையும் தினமும் போட்டால் இன்னும் குறையும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதியவரிடம் பேசுங்கள்.

ஹீமோகுளோபின் 11.1 என்பது இரத்தசோகைதான், கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. பாதிப் பேருக்கு மேல் இருப்பதாலேயே "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு இது தாங்க முடியாத வருத்தம். ஃபெரிட்டின் பாருங்கள், மாதவிடாயில் போக்கு அதிகமா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இரும்பு ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் நிறுத்திய பிறகு திரும்ப இறங்கும்.

தோழி சொன்ன இரும்பு மாத்திரையில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் இரத்த அளவு தேறிவிட்ட மாதிரி தெரியும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வரிசை முக்கியம், முதலில் பி12 பார்க்க வேண்டும். பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 200-லிருந்து 300 வரை சந்தேகம், அப்போது பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது எம்எம்ஏ பார்ப்போம். நரம்பு அறிகுறி இருக்கும்போது இன்சூரன்ஸ் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, தாமதமானால் சிலருக்கு மரத்துப்போனது முழுதாகத் திரும்புவதில்லை.

வைட்டமின் டி பற்றியும் ஒன்று: அளவு குறைவு என்றால் வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே சில வாரத்துக்கு எழுதுவோம். அதை நிறுத்தாமல் மெடிக்கலில் வாங்கி வருடக்கணக்கில் குடித்து, கால்சியம் ஏறி, கிட்னி பாதித்து வருபவர்களைப் பார்க்கிறேன். எழுதிய வாரத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சேலம்_மகன்:

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6க்கும் கீழே போய், மூச்சு வாங்கி, அட்மிட் செய்து இரத்தம் ஏற்றினார்கள். அதையும் "பரிசோதனைக்கான அட்மிஷன்" என்று சொல்லி கிளைமை மறுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி. அப்படி மறுத்தால் சும்மா விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளர்), தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இரத்தம் ஏற்றிய சார்ட்டும் அட்மிஷன் நேரத்து ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டும்தான் எங்களுக்குக் கைகொடுத்தன, முழுப் பணமும் வந்தது.

கிளைம்_மேசை:

உண்மை. இரத்தம் ஏற்றியது சிகிச்சை, அதற்கு கோட் 04 போட்டு மறுத்தது தப்பு. இந்த மாதிரி கேஸில் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே இன்டோர் கேஸ் பேப்பர் (உள்ளே இருந்தபோது எழுதிய சிகிச்சைக் குறிப்புகள்) நகல் கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

கோவைப்பெண்:

நாளைக்குக் காலை ஃபெரிட்டினும் பி12ம் ஸ்மியரும் கொடுக்கப் போகிறேன். பயோட்டினை நிறுத்தியாயிற்று, டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். வெறும் வயிற்றில் போக வேண்டுமா? வீட்டுக்கே வந்து எடுப்பவர்களிடம் கொடுக்கலாமா?

லேப்அக்கா_திருச்சி:

இந்த மூன்றுக்கும் வெறும் வயிறு கட்டாயம் இல்லை, ஆனாலும் காலையில் காபிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், சீரம் அயர்ன் சேர்த்துக் கேட்டாலும் உதவும். வீட்டில் கொடுப்பதும் சரிதான். பிற்பாடு ஹோமோசிஸ்டீன் எழுதினால் மட்டும் நேரில் லேபுக்கே போங்கள், வெறும் வயிற்றில். அந்த இரத்தத்தை எடுத்த உடனே ஐஸில் வைத்து அணுக்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும், பைக் பெட்டியில் மதியம் வரை ஊரைச் சுற்றினால் இல்லாத அளவைக் கூட்டிக் காட்டும்.