ஐரோப்பியக் கால்பந்துக்கு டிராஃப்ட் சரிப்படுமா?

கடைசிபெஞ்ச்:
2013 முதல் 2023 வரை ஜெர்மனியில் 11 சீசன், 11 தடவையும் பயேர்ன் மியூனிக். இத்தாலியில் 2012 முதல் 2020 வரை தொடர்ந்து 9 தடவை யுவென்டஸ். பிரான்ஸில் 2011-இல் கத்தார்காரர்கள் பாரிஸ் அணியை வாங்கிய பிறகு வேறு யாராவது ஜெயித்தால்தான் செய்தி. ஆகஸ்டிலேயே சாம்பியன் யாரென்று தெரிந்துவிட்டால் மே வரைக்கும் எதற்கு உட்கார்ந்து பார்ப்பது?

அமெரிக்கர்கள் இதற்கு 1936-லேயே ஒரு வழி கண்டார்கள். அவர்கள் பாணிக் கால்பந்து லீகான என்எஃப்எல்-இல் போன சீசனில் கடைசியாக வந்த அணிதான் கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும். கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். இதுதான் டிராஃப்ட். ஐரோப்பாவிலும் ஒவ்வொரு நாட்டு லீகும் 18 வயது முடிந்த பையன்களை இப்படிப் பிரித்துக்கொண்டால் என்ன? எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள், ‘அது அமெரிக்கத்தனம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இடதுவிங்:
காரணத்தோடுதான் வருகிறேன் அண்ணே. அந்தப் பையனை 18 வயது வரை யார் வளர்த்தது? அமெரிக்காவில் பள்ளியும் கல்லூரியும். என்எஃப்எல் அணிக்கு அதில் ஒரு டாலர் செலவு கிடையாது. ஐரோப்பாவில் எட்டு ஒன்பது வயதிலேயே கிளப் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. டி லிக்ட் சின்னப் பையனாக நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் அகாடமிக்கு, அதாவது பயிற்சிப் பள்ளிக்கு, வந்தவர். 2019-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை அந்த அணிக்குத் தலைவராக ஆடினார், அப்புறம் 7.5 கோடி யூரோவுக்கு யுவென்டஸ் போனார். அந்தப் பணத்தில்தான் அடுத்த அணியை வளர்க்கிறார்கள். டிராஃப்ட் வந்தால் அகாடமி நடத்த அயாக்ஸுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

இன்னொன்று, லாமின் யமால் பார்சிலோனாவுக்கு முதலில் ஆடியபோது வயது 15. 17 முடிந்த மறுநாள் யூரோ 2024 இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்காக ஆடி ஜெயித்தார். அவரை எந்த வருஷ டிராஃப்ட்டில் நிறுத்துவீர்கள்?

கடைசிபெஞ்ச்:
யமால் மாதிரி எத்தனை பேர்? விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது. வளர்த்த கிளப்புக்குப் பணம் கொடுப்பது புதிதும் இல்லை. ஒப்பந்தக் காலத்தில் ஒருவர் விற்கப்பட்டால் அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. அதைப் பெரிதாக்கி, எடுக்கிற அணி வளர்த்த அணிக்கு நல்ல தொகை தரவேண்டும் என்று வையுங்கள்.

விக்டர் வெம்பன்யாமாவைப் பாருங்கள். பிரெஞ்சு கிளப்புகள் வளர்த்த பையன், 2023-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் டிராஃப்ட்டில் சான் அன்டோனியோ முதல் ஆளாக எடுத்தது. பிரான்ஸில் கூடைப்பந்து செத்தா போய்விட்டது?

வாய்தா:
வெம்பன்யாமாவுக்கு என்பிஏ பிடிக்கவில்லை என்றால் பிரான்ஸிலேயே ஆடியிருக்கலாம். நீங்கள் சொல்கிற திட்டத்தில் பையனுக்கு அந்த வாசலே இல்லையே சார்.

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. பெல்ஜியத்தில் லியேஜ் அணியில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் போஸ்மன் என்ற ஆட்டக்காரரால் பிரான்ஸின் டன்கர்க் அணிக்குப் போக முடியவில்லை. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு தொழிலாளி விரும்பிய நாட்டில் வேலை பார்க்கும் உரிமை கால்பந்துக்காரனுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் அதற்கும் முன்னால், 1963-லேயே, நியூகாசில் கிளப்புக்கு எதிராக ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் போட்ட வழக்கில் ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் பழைய முறை அடிவாங்கியது. இப்படி அறுபது வருஷமாக அவிழ்த்த கட்டைத் திரும்பப் போடச் சொல்கிறீர்கள்.

அமெரிக்காவில் மட்டும் எப்படிச் செல்லுகிறது என்றால், ஆட்டக்காரர் சங்கமே லீகோடு போடும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத காலத்து என்எஃப்எல் டிராஃப்ட்டை 1978-இல் அங்குள்ள நீதிமன்றமே போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஐரோப்பாவில் எந்தச் சங்கம் கையெழுத்துப் போடும்?

இடதுவிங்:
அதைவிட வேடிக்கை, நாம் பார்க்கிற இதே கால்பந்தை அமெரிக்காவில் நடத்துகிறவர்களே டிராஃப்ட்டைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்குள்ள ஆண்கள் லீகான எம்எல்எஸ்-இன் கிளப்புகள் அகாடமி ஆரம்பித்து, அங்கே வளர்ந்த பையன்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள 2008-இல் அனுமதி கிடைத்த பிறகு அவர்கள் டிராஃப்ட்டை யார் பார்க்கிறார்கள்? பெண்கள் லீகான என்டபிள்யூஎஸ்எல் 2024-இல் டிராஃப்ட்டையே ஒழித்துவிட்டது.

கடைசிபெஞ்ச்:
ஒழித்ததற்குக் காரணம் ஐரோப்பாவின் போட்டி. அங்கே போனால் கிளப்பைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றால் நல்ல ஆட்டக்காரி எதற்கு அமெரிக்காவில் காத்திருப்பாள்? எல்லா நாட்டிலும் டிராஃப்ட் இருந்தால் ஓட இடம் இருக்காது.

வாய்தா:
இதே வரியை நீதிபதி முன்னால் சொல்லிப் பாருங்கள் சார், எதிர்த்தரப்புக்கு வக்கீலே வேண்டாம்.

புள்ளிப்பட்டியல்:
எனக்கு வேறு சந்தேகம். அமெரிக்காவில் கடைசி இடத்துக்குப் பரிசு, இங்கே கடைசி மூன்று இடத்துக்குத் தரமிறக்கம். 20-ஆம் இடத்து அணி முதல் ஆளை எடுத்துக்கொண்டு இரண்டாம் பிரிவுக்குப் போகுமா? அப்புறம் வேண்டுமென்றே தோற்பது வேறு இருக்கிறது. என்பிஏ அணியான பிலடெல்பியா 76ers நல்ல டிராஃப்ட் இடங்களுக்காக வருஷக்கணக்கில் அணியைக் காலியாக வைத்திருந்தது, 2015-16-இல் 10 வெற்றி, 72 தோல்வி.

கடைசிபெஞ்ச்:
தரமிறக்கம் என் பக்கத்து வாதம் தம்பி! முதல் தேர்வை 17-ஆம் இடத்துக்கு, அதாவது தப்பித்த அணிகளில் கடைசிக்குக் கொடுங்கள். 18-க்குப் போனால் தொலைக்காட்சிப் பணமே போய்விடும், எவன் வேண்டுமென்று தோற்பான்? அமெரிக்கர்களால் தீர்க்க முடியாததை ஐரோப்பிய முறை தானாகவே தீர்க்கிறது.

புள்ளிப்பட்டியல்:
இது நல்ல பாயின்ட். ஆனால் முதல் ஆள் கிடைத்தால் அணி எழுந்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. என்எஃப்எல் அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2017 டிராஃப்ட்டில் முதல் ஆளை எடுத்துவிட்டு அதே சீசனில் 16 ஆட்டத்தில் 16 தோல்வி.

பில்பாவோ பக்தன்:
ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கிளப்பை நினைத்துப் பார்த்தீர்களா? அந்த ஊர் இருக்கிற பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள் அல்லது அங்கே வளர்ந்து ஆடக் கற்றவர்கள் மட்டும்தான் அங்கே ஆடலாம். அதை வைத்துக்கொண்டே முதல் பிரிவிலிருந்து இன்றுவரை இறங்கியதில்லை, 2024-இல் 40 வருஷம் கழித்து ஸ்பெயின் மன்னர் கோப்பையும் எடுத்தார்கள். உங்கள் டிராஃப்ட்டில் பில்பாவோ பையன் இன்னொரு ஸ்பெயின் அணியான கெடாஃபேவுக்குப் போவான், செவியா பையன் பில்பாவோவுக்கு வருவான். அப்புறம் அந்த கிளப் எதற்கு?

இடதுவிங்:
பயேர்ன் கதையிலிருந்துதானே அண்ணே தொடங்கினீர்கள், அதற்கே வருகிறேன். ஜெர்மனியிலேயே தனக்குப் போட்டியாக இருந்த டார்ட்மண்டை பயேர்ன் எப்படி உடைத்தது? அதன் ஆட்டக்காரர்களை எடுத்துத்தான். 2013-இல் 3.7 கோடி யூரோவுக்கு கோட்ஸே. 2014-இல் ஒப்பந்தம் முடிந்த லெவன்டோவ்ஸ்கி, ஒரு காசு டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல். இருவருமே தயாராகி நின்ற ஆட்டக்காரர்கள், ஒருவர்கூட 18 வயதுப் பையன் இல்லை. டிராஃப்ட் வைத்தாலும் 18 வயதில் ஆக்ஸ்பர்க் மாதிரிச் சின்ன ஜெர்மன் கிளப் எடுத்த பையன் 22 வயதில் பயேர்னுக்குத்தான் போவான். அங்கேதான் சம்பளம் இருக்கிறது. என்எஃப்எல்-இல் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு இருக்கிறது, தொலைக்காட்சிப் பணமும் சமமாகப் போகிறது. அவை இல்லாத டிராஃப்ட் கரும்பு பிழிந்த சக்கைதான்.

புள்ளிப்பட்டியல்:
உச்சவரம்பும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம்தான், அப்படியும் 2023-க்குள் சென்னையும் மும்பையும் ஆளுக்கு ஐந்து கோப்பை எடுத்துவிட்டன.

கடைசிபெஞ்ச்:
சரி, 18 வயதுப் பையன்களை விடுங்கள். அமெரிக்க பேஸ்பாலில் இன்னொரு டிராஃப்ட் இருக்கிறது, ரூல் 5 என்பார்கள். ஓர் அணி சில வருஷம் கீழ்நிலை அணிகளிலேயே வைத்திருந்து, 40 பேர் கொண்ட முக்கியப் பட்டியலில் சேர்க்காத ஆட்டக்காரரை வேறு அணி 1 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி சீசன் முழுக்க அவரைத் தன் முதன்மை அணியில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கீழே ஒளித்து வைத்திருந்த ராபர்டோ கிளெமென்டேவை பிட்ஸ்பர்க் இப்படித்தான் எடுத்தது. இங்கிலாந்தின் செல்சியா ஒரு காலத்தில் 30, 40 பேரைக் கடனுக்கு, அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புகளில் ஆட, அனுப்பி வைத்திருந்ததே, அந்த மாதிரிக் குவிப்புக்கு இது பொருந்தாதா? ஃபிஃபா 2022-இல் கடன் எண்ணிக்கைக்கு வரம்பு கொண்டுவந்தது. ஆனால் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் சொந்த அகாடமிப் பையன்களுக்கும் அதில் விலக்கு.

இடதுவிங்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. பெரிய கிளப் உட்கார வைத்திருக்கிற ஆளைச் சின்ன கிளப் எடுத்து ஆடவைக்கும், பையனுக்கும் ஆட்டம் கிடைக்கும். எனக்குச் சம்மதம்.

வாய்தா:
பையன் மறுக்க வழி இருந்தால் எனக்கும் சம்மதம்.

கடைசிபெஞ்ச்:
மறுக்கட்டும், ஆனால் மறுத்தால் பழைய கிளப் அந்த சீசனில் அவனைக் கடனுக்கு அனுப்பக்கூடாது, முதல் அணியில் பதிவு செய்தாக வேண்டும். இதற்கு வாய்தா என்ன சொல்கிறார்?

வாய்தா:
பதிவு செய்துவிட்டு 38 ஆட்டமும் பெஞ்சில் உட்கார வைத்தால்? குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேசலாம்.