புதுப்பிப்பு: நுரைத்துப் போன ரெசின் உருவங்கள்

பாளையங்கோட்டையில் நாங்கள் மூவர் நடத்தும் பட்டறையில் ரெசினில் (இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்) வார்க்கும் 28 மில்லிமீட்டர் விளையாட்டு உருவங்கள் ஐப்பசி மழையில் குழிகுழியாக வருவதைச் சொல்லி, உலோகத்துக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகமான ஐசோசயனேட், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது; அந்த வாயுக் குமிழிகளே உருவங்களில் குழிகளாகின்றன. இதனால், திறந்து வைத்த புட்டி ஒவ்வொன்றும் எங்களுக்கு நட்டமாகவே முடிந்திருக்கிறது. இப்போது சிறு புட்டிகளாக வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடி வைக்கிறோம். குழிகள் பெருமளவு குறைந்தன.

உலோக யோசனையைக் கைவிட்டோம். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகும் என்றாலும் அதன் விலை எங்களுக்குக் கட்டாது. மலிவான காரீயத்தைப் பிள்ளைகள் கைபடும் பொருளில் கலக்க எனக்கு மனமில்லை.

தீராதது, ரப்பர் போன்ற சிலிகோன் அச்சுச் செலவுதான். ஈட்டி, வாள் போன்ற மெல்லிய பகுதிகளில் அச்சு முதலில் கிழிகிறது. வாடிக்கையாளர் தந்த முன்பணமோ அடுத்த அச்சுக்கே போய்விடுகிறது. பீடங்களை மட்டும் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் அண்ணாச்சி ஒருவரிடம் மரத்தில் கடைந்து வாங்குகிறோம். அவை ரெசின் பீடங்களைவிட அழகு என்பது என் கட்சி. பாக்கியுள்ள உருவங்கள் தைக்குள் அனுப்பப்படும்.