அம்மாவுக்கு 72 வயசு, தலைக்குள்ள 5.5 எம்எம் வீக்கம், ஆபரேஷன் பண்ணலாமா விட்றலாமா?

மண்டபம்கரை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் மன்னிச்சுக்கங்க. எங்கம்மாவுக்கு 72. நாங்க மண்டபம் பக்கம், அம்மா நாப்பது வருஷமா கடல்பாசி எடுக்கப் போறவுக, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கண்ணாடியக் கட்டிக்கிட்டு மூச்சப் புடிச்சு முங்குனா இன்னைக்கும் எங்க மதினியவிட ஒரு பை கூடத்தான் கொண்டாருவாக. போன மாசம் வள்ளத்துல இருந்து இறங்கயில கிறுகிறுன்னு வந்து பார்க்கல்லுல விழுந்துட்டாக, நெத்தியில அடி. அதுக்காக ராமநாதபுரத்துல சிடி எடுக்கப் போயி, என்னமோ சந்தேகமா இருக்குன்னு மருந்து ஏத்தி சிடி ஆஞ்சியோவும் எடுத்தாக, மூளையில அனியூரிசம்னு, அதாவது ரத்தக்குழாய் ஒரு எடத்துல உப்பியிருக்குன்னு வந்துச்சு. ரிப்போர்ட்ல ஏ-காம் (மூளையோட முன்பக்கக் குழாய் ஒண்ணாம்), 5.5 எம்எம், வெடிக்கலன்னு போட்டிருக்கு. கிறுகிறுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம், பிபி மாத்திரையப் போட்டும் போடாமயும் இருந்ததால வந்திருக்கும்னு சொல்றாக. அதாவது அம்மா விழுகலேன்னா இப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, தெரியாமலே இருந்திருக்கலாமோன்னு கூட ராத்திரி தோணுது.

மதுரையில ரெண்டு டாக்டரப் பாத்தாச்சு. ஒருத்தர் காயில்னு மெல்லிசுக் கம்பிச்சுருள வீக்கத்துக்குள்ள வச்சு அடைச்சிருவோம், இப்ப தெம்பா இருக்கும்போதே பண்றது நல்லதுங்கிறாரு. இன்னொருத்தர் இந்த சைஸுக்கு அவசரமே இல்ல, பிபிய அடக்குங்க, வருஷத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுங்கங்கிறாரு. ரெண்டு பேருமே பேரெடுத்தவுகதான், யாரை நம்புறது? அண்ணன் விசைப்படகுல பங்குக்குப் போறவன், தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் காசக் கண்ணுல பாக்குறான், மதினி நகைய வச்சாவது பண்ணிருவோம்ங்கிறான். அக்கா இந்த வயசுல மண்டையில கை வச்சா ஆளு பழையபடி திரும்பாதுன்னு ஒரே அழுகை. அனுபவம் உள்ளவுக சொல்லுங்க.

கீழக்கரை காக்கா:

தம்பி, எங்க உம்மாவுக்கு வெடிச்சே போச்சு. 2019, அப்ப அவங்களுக்கு 74. சுபுஹுக்கு ஒளு செய்ய எந்திரிச்சவங்க பைப்பத் தொறந்தபடியே "யா அல்லா தலை"ன்னு உக்காந்துட்டாங்க, சுத்தியல எடுத்து பின்மண்டையில ஒரே போடு போட்ட மாதிரி இருந்துச்சாம், அதுக்கு முன்னாடி ஒரு வலியும் இல்ல. ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனோம், பித்தத் தலைவலின்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, அதுல நாலு மணி நேரம் போச்சு. வாந்தி நிக்கல, கழுத்து விறைச்சுப் போச்சு, அப்புறந்தான் 108. ராமநாதபுரத்துல சிடி பாத்ததும் அந்த டூட்டி டாக்டர் மொகமே மாறிருச்சு, அங்கிருந்து மதுரை.

ரெண்டாம் நாள் தொடை வழியா காயில் வச்சாங்க. நாங்க அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம், அதுக்கப்புறந்தான் கதையே. ரத்தக்குழாய் சுருங்கிரக் கூடாதுன்னு நிமோடிபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா 21 நாள், ராத்திரி பன்னெண்டு நாலுன்னு அலாரம் வச்சுக்கிட்டு ஐசியூ வாசல்ல படுத்துக் கெடந்தேன். அப்படியும் ஏழாம் நாள் வலது கை விழுந்துருச்சு, பேச்சு குழறிருச்சு, சுருங்கித்தான் போச்சு. என்னைய எங்க வாப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வாப்பா மவுத்தாகி பதினோரு வருஷம். ஆடு கத்துது அவுத்து விடுன்னு அந்த ஐசியூவுக்குள்ள சண்டை. இப்ப நடக்குறாங்க, தொழுவுறாங்க, கை முக்காவாசி வந்துருச்சு. ஆனா நோன்புக் கஞ்சிக்கு உப்புப் போட்டமான்னு மூணு தடவ கேப்பாங்க, மூணு தடவயும் போட்டுருவாங்க.

வெடிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நான் நகைய இல்ல வீட்டையே வச்சிருப்பேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

தொண்டிக்காரன்:

காக்கா சொல்றது வேற கேஸ், அதையும் இதையும் ஒண்ணாப் போடாதீங்க. எங்க அத்தைக்கு வெடிக்காம இருந்தது, 78 வயசு, மண்டையத் தொறந்து வீக்கத்தோட அடியில கிளிப் போட்டாங்க. டாக்டர் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, படத்துல பாத்தா வீக்கம் சுத்தமா அடைஞ்சிருக்கு. ஆனா போகும்போது தானா நடந்து போன மனுஷி, வந்ததுல இருந்து அடுப்பாங்கரை எந்தப் பக்கம்னு கேக்குது. வெடிச்சிருக்குமா வெடிக்காமலே இருந்திருக்குமா, இனிமே யாருக்குத் தெரியும். உங்க அக்கா அழுகையில நியாயம் இருக்கு.

நைட்டூட்டி நர்ஸ்:

நான் நியூரோ ஐசியூவுல பன்னெண்டு வருஷம் இருந்தவ, டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுப் படிங்க. முதல்ல ஒண்ணு, ஊர்ல எல்லாரும் நரம்பு வீக்கம்னு சொல்லுவாங்க, இது நரம்பு இல்ல ரத்தக்குழாய், குழாய் சுவரு ஒரு எடத்துல மெலிஞ்சு பலூன் மாதிரி உப்பி நிக்குது. பெரியவங்கள்ல நூத்துல மூணு பேருக்கு இது இருக்கும், முக்காவாசிப் பேரு அது தெரியாமலே வேற ஏதாவதுல போய்ச் சேந்துருவாங்க.

ரெண்டு டாக்டரும் ஏன் மாத்தி மாத்திச் சொல்றாங்கன்னு குழம்பாதீங்க, ரெண்டு கணக்கு இருக்கு. 2003ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்த ஒரு பெரிய ஆய்வுல, முன்பக்கக் குழாயில 7 எம்எம்முக்குக் கீழ இருந்து, முன்னாடி வெடிச்ச சரித்திரமும் இல்லாதவங்களுக்கு அஞ்சு வருஷத்துல வெடிச்சது பூஜ்யம். அதே சைஸ் பின்பக்கம்னா 2.5 சதவீதம், 7ல இருந்து 12 எம்எம்னா முன்பக்கம் 2.6, பின்பக்கம் 14.5. அதுல ஏ-காம முன்பக்கத்துலதான் சேத்தாங்க, அதனால அவசரமில்லங்கிற டாக்டர் சொல்றது சரி. ஆனா வெடிச்சு எங்ககிட்ட வர்ற ஆளுங்கள்ல சின்ன சைஸ் ஏ-காம் நிறைய, அத நான் கண்ணால பாத்திருக்கேன். அப்புறம் 2014ல ஃபேசஸ்னு ஒரு ஸ்கோர் வந்துச்சு, அதுல ஏ-காம்ல இருக்கிறதுக்கே 4 மார்க், பிபிக்கு 1, 70 வயசுக்கு 1, 7 எம்எம்முக்குக் கீழன்னா 0. உங்கம்மாவுக்கு 6 வருது, அஞ்சு வருஷத்துல வெடிக்க 1.7 சதவீதம். அந்தக் கணக்கு அமெரிக்கா ஐரோப்பா ஜப்பான் ஆளுங்கள வச்சுப் போட்டது, நம்ம ஊர் ஆளு அதுல இல்ல, ஒரு குத்துமதிப்புதான். இந்த 1.7 ஒரு தட்டுல, ஆபரேஷன்ல வர்ற ரிஸ்க் இன்னொரு தட்டுல. அதனால டாக்டர்கிட்ட "பண்ணலாமா"ன்னு கேக்காதீங்க, "எங்கம்மா மாதிரி வயசுல, இந்த எடத்துல, உங்க கையில பண்ணினவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேருக்குக் கை கால் விழுந்துச்சு"ன்னு கேளுங்க. நேரா பதில் சொல்றவர நம்புங்க, மழுப்புனா அடுத்த ஆளு.

வெடிச்சதுக்கு அப்புறம் இந்தக் கேள்வியே கிடையாது, மறுபடி வெடிக்கிறதுக்குள்ள அடைச்சாகணும், முதல் 24 மணி நேரந்தான் ரொம்ப மோசம். காக்கா உம்மா பட்டதெல்லாம் வெடிச்ச ரத்தம் பண்ணின வேலை, காயில் பண்ணினது இல்ல. வெடிச்ச கேஸ்ல ரெண்டும் சரிவரும்னு பட்டவங்கள மட்டும் எடுத்து காயிலையும் கிளிப்பையும் ஒப்பிட்டு 2002ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு இறந்தவங்களும் அடுத்தவங்க கைய எதிர்பாக்குறவங்களும் காயில்ல 23.7 சதவீதம், கிளிப்புல 30.6. அதுல இருந்துதான் காயில் பரவலா ஆச்சு. அதுக்காகக் கிளிப் மட்டம்னு இல்ல, வீக்கத்தோட கழுத்து, அதாவது அது குழாயோட சேர்ற வாய், அகலமா இருந்தா காயில் நிக்காது வெளிய வந்துரும், அப்ப ஸ்டென்ட்னு ஒரு வலைக்குழாய் வைக்கணும், வச்சா ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் மாசக்கணக்குல போடணும், பாசி எடுக்கப் போயி பார்க்கல்லுல கால் கிழிஞ்சா ரத்தம் லேசுல நிக்காது.

ஆபரேஷனோ இல்லையோ, கிட்னிக்கான ரத்த டெஸ்ட், கிரியாட்டினின் பாருங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஆஞ்சியோ மருந்து ஆகாது. பிபி மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. கருவாட்டக் குறைங்க, கடற்கரையில இருந்துக்கிட்டு இதச் சொல்றது கஷ்டந்தான். காப்பீட்டு அட்டை செல்லுமா, காயில் எத்தனை வரைக்கும் அதுல வரும், அட்மிஷனுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல கேட்ருங்க, எத்தனை காயில் உள்ள போகுதோ அத வச்சுத்தான் பில்லு ஏறும். கடைசியா, அண்ணன் சொல்றான் அக்கா சொல்றான்னு எழுதியிருக்கீங்களே, அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?

மண்டபம்கரை:

நர்ஸக்கா, உண்மையச் சொன்னா கேக்கல. பயந்துருவாகன்னு "தலையில சின்ன வீக்கம்"னு மட்டும் சொல்லி வச்சிருந்தோம். நேத்து ராத்திரி ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், வெடிச்சா என்ன ஆகும், பண்ணினா என்ன ஆகலாம், தொண்டி அண்ணன் அத்தை கதை வரைக்கும். பாசியில ஒட்டியிருந்த சிப்பிய நகத்தால நோண்டிக்கிட்டே கேட்டாக, ஒண்ணும் பேசல. பெறகு, "வெடிச்சுப் போறதா இருந்தா ஒரேயடியாப் போயிரட்டும், உங்க மதினி கையால பீ மூத்திரம் அள்ள வச்சுக்கிட்டுக் கெடக்க மாட்டேன்"னாக. அத ஆபரேஷன் வேணாம்னு எடுக்கிறதா வேணும்னு எடுக்கிறதா, அண்ணனும் அக்காவும் அதுக்கும் சண்டை. நானே மறுபடி கேட்டேன். "முங்க விடுவாகளான்னு கேட்டுட்டு வா, அப்பறம் சொல்றேன்"னாக.

நைட்டூட்டி நர்ஸ்:

நல்ல கேள்வி கேட்ருக்காங்க. மூச்ச இறுக்கிப் புடிச்சா பிபி குபீர்னு ஏறும், அடைக்காத வரைக்கும் முங்குறத நிறுத்தி வைங்க, கரையில ஒதுங்குறதப் பொறுக்கட்டும். அடைச்சதுக்கு அப்புறம் எப்பன்னு அந்த டாக்டர்தான் சொல்லணும், அம்மாவையே கேக்க வைங்க.

மண்டபம்கரை:

வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் பாக்கப் போறோம், அம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான். சிடி பிலிம் மட்டும் கையில இருக்கு, போதுமா?

நைட்டூட்டி நர்ஸ்:

போதாது. எடுத்த எடத்துல டிஸ்க்ல போட்டு வாங்குங்க, பிலிம்ல கழுத்து அகலம் தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி போட்டுப் பாத்துக்குங்க, காலி டிஸ்க்க குடுத்து விட்டதெல்லாம் நடந்திருக்கு.