தொட்டிக்குள் ஆள் இறக்கும் முன் காற்றுச் சோதனை: செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுடையது பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் இயந்திரங்களையெல்லாம் சட்டென்று பார்த்து முடித்துவிட்டு, கழிவுத் தொட்டி மூடியருகே நின்றார். "இதுக்குள்ள யாரு இறங்குவாங்க? காத்தை எதை வெச்சு சோதிக்கிறீங்க?" பதில் இல்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் இதுவரை எங்கள் முறை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நாலு வகை வாயுக்களை ஒன்றாக அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கப் போகிறோம். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்பது வரை படித்துவிட்டேன். மூக்கை நம்பக் கூடாது என்பதும் தெரியும். கழிவிலிருந்து வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மோப்பத்தை மரத்துப்போகச் செய்துவிடுமாம்.

தொட்டி 3 மீட்டர் ஆழம். மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் பம்ப் வைத்த மீட்டர்தான் வேண்டுமா? குழாய் நீளத்துக்கு எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று, எனக்குப் பெரிய பயமே இதுதான். உள்ளே ஒருவன் மயங்கினால் மேலே நிற்பவன் யோசிக்காமல் குதித்துவிடுவான். தொட்டி வாய்க்கு மேலே மூன்று கால் தாங்கியும், கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச்சும் வைத்து, குறுகிய வாய் வழியாக ஆளைத் தூக்கி ஒத்திகை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தோள் மாட்டிக்கொள்கிறதா?