மெதுவாக ஓடிய மாரியோ: பழைய டீவி கேம்களைத் திருத்திய அனுபவங்கள்

கொழும்பு 6, வெள்ளவத்தை

போன மாதம் கொட்டாஞ்சேனையில் வீடு மாறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குச் சாமான் ஏற்றும் உதவிக்குப் போயிருந்தேன். போத்தல், பேப்பர் வாங்குபவருக்குக் கொடுக்கவென்று வாசலில் ஒதுக்கிய குவியலில், பழைய பஞ்சாங்கங்களுக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவே டீவி கேம் ஒன்று கிடந்தது. வெள்ளை உடல், சிவப்பு மூடி, வயரால் சுற்றிக் கட்டிய இரண்டு கன்ட்ரோலர்கள். அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "அது ஓடாது தம்பி. பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகு யாரும் தொடவில்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகொம் என்ற டீவி கேமைப் பார்த்துச் செய்த மலிவு நகல் அது. என் வயதினரின் வீடுகளில் நான் கண்டதெல்லாம் இந்த நகல்தான். வளைகுடாவில் வேலை செய்த மாமா கொண்டுவந்திருப்பார், அல்லது புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள். இன்று பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் பலர் இதைக் கையாலும் தொடுவதில்லை. அசல் இல்லையாம். நமது ஊரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பிழை என்பது என் உறுதியான நம்பிக்கை. காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் கைக்கு வந்தவற்றையும் சொல்லுங்கள்.

அடிப்பக்கத் திருகாணிகளில் இரண்டு துருவேறி இறுகியிருந்தன. துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்த பிறகே திருப்புளிக்கு அசைந்தன. மூடியைத் தூக்கியதும் கரப்பான் முட்டைக் கூடுகளும் பூஞ்சண வாடையும். பலகையின் நடுவில் நாணயம் அளவில் கறுப்புப் பிசின் மொட்டு ஒன்று இருந்தது. அசல் ஃபேமிகொமில் கணக்குப் போடும் சிப் வேறு, படம் வரையும் சிப் வேறு. பழுதானால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைக்கலாம். நகலில் இரண்டும் அந்த மொட்டுக்குள் அடக்கம். அது செத்துவிட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை. அதனால் முதலில் அதைத்தான் பயந்து பயந்து பார்த்தேன். பிசினில் வெடிப்பு இல்லை.

பிறகு அடாப்டர் செருகும் துளையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மூன்று கால்களில் ஒன்றைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்ட வெடிப்பு. விரலால் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது. பிள்ளைகள் வயரோடு சேர்த்து இழுத்து இழுத்து விளையாடியதில் வரும் பழுது இது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டர் 4.9 காட்டியது. போதும்.

கசெட் செருகும் வாயில்தான் அதிக வேலை. 60 தொடுமுனைகளில் பாதிக்கு மேல் பச்சை படிந்திருந்தன. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில் உப்புக் காற்று செம்பை விடுவதில்லை. போதாக்குறைக்கு, ஓடாத போதெல்லாம் கசெட்டின் வாயில் ஊதினோம் அல்லவா? ஊதியதால் அது ஓடவில்லை; கழற்றித் திரும்பச் செருகியதால்தான் ஓடியது. ஊதிய மூச்சின் ஈரம் தொடுமுனையில் தங்கி இன்னும் அரித்தது. ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு மாலை துடைத்தேன். குச்சிகள் முதலில் கறுப்பாகவும் பிறகு பச்சையாகவும் வந்தன, கடைசியில் வெள்ளையாகவே வந்தன.

பழைய பெட்டி டீவியில் இணைத்து, மாரியோ உள்ள கசெட்டைப் போட்டேன். அந்த மெட்டு வந்தது. கைப்பேசியில் இத்தனை வருடமாகக் கேட்டபோதெல்லாம் ஏதோ பொருந்தாமல் இருந்தது ஏன் என்று அந்த நிமிடம்தான் புரிந்தது. ஜப்பானிய அசல் நொடிக்கு 60 முறை படம் வரையும். நமது நாட்டின் டீவிகளுக்காகச் செய்த நகல், பி.ஏ.எல். என்ற இங்குள்ள டீவி முறைப்படி 50 முறை வரையும். விளையாட்டின் ஓட்டமும் இசையும் அந்த எண்ணிக்கையோடு கட்டுண்டவை. ஆகவே நாம் விளையாடிய மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான், மெதுவான பாட்டோடு. அந்த வேகம் ஜப்பானிய அசலில் கிடைக்காது, கைப்பேசிச் செயலியிலும் அமைப்பை மாற்றாமல் கிடைக்காது. இந்த மலிவுப் பெட்டிக்குள் அது தானாகவே இருக்கிறது. அதைத்தான் நாம் போத்தலோடு சேர்த்து நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தெஹிவளை

அண்ணா, அந்த வேகத்தைப் பற்றி வாசித்ததும் எழுந்து போய் என்னிடம் உள்ள அசலையும் நகலையும் அருகருகே போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. என் மகனுக்கு அசல்தான் சரியாகப் படுகிறது, எனக்கு நகல்.

அந்த அசல் என்னிடம் வந்த கதை வேறு. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சாமான்கள் விற்கும் ஒரு கடையில், ஒலிபெருக்கிகளுக்குக் கீழே கண்டெடுத்தேன். அடாப்டரும் கூடவே இருந்தது. "நன்றாக ஓடும் மிஸ், வீட்டில் போட்டுப் பாருங்கள்" என்றார் விற்றவர். நான் படித்துப் பார்க்காமல் செருகவில்லை. படித்தேன், 100 வோல்ட் என்று தெளிவாக இருந்தது. ஆனால் நான் சமையலறையில் இருந்தபோது வீட்டில் ஒருவர் ஆசையில் நேராகச் சுவரில் செருகிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எரிந்த வாடை கூடம் முழுவதும்.

அழுதுவிட்டேன். ஆனால் பிறகு யோசித்தேன். அந்த அடாப்டர் 100 வோல்ட்டை 10 வோல்ட்டாகக் குறைப்பது. நமது 230ஐக் கொடுத்தால் ஏறத்தாழ 23 வந்திருக்கும். கருவிக்குள் உள்ள 7805 என்ற மூன்று கால் சீராக்கி 35 வோல்ட் வரை உள்ளே வாங்கக் கூடியது. எரிந்தது அடாப்டரின் சுருள் மட்டுமாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 9 வோல்ட் அடாப்டர் வாங்கினேன். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும்: ஃபேமிகொமின் பிளக்கில் நடு முனை எதிர்மின், கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடு முனை நேர்மின். வயரை வெட்டி மாற்றி இணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகினேன். விளக்கு எரிந்தது.

படம் வர இன்னும் மூன்று வாரம் ஆனது. ஃபேமிகொம் தன் படத்தை ஜப்பானின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகளில் அனுப்புகிறது. நமது டீவிகள் அந்த இடத்தில் தேடுவதே இல்லை. தேடிப் பிடித்தாலும் ஒலி வராது. அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. ஆகவே படம் வரையும் சிப்பின் 21ஆம் காலிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாக நேரடியாக வீடியோ வயர் எடுத்தேன். ஈயம் வைக்கும்போது என் கை நடுங்கியது. அந்தச் சிப் 40 வருடம் ஓடியது, என் கையில் போய்விடக் கூடாதே என்று.

கொழும்பு 4, பம்பலப்பிட்டி

என்னுடையது பிளேஸ்டேஷன், 1990களின் கடைசியில். ஒழுங்கைக்குள் ஓர் அண்ணா முன்னறையில் நான்கைந்து டீவி வைத்து மணிக்கணக்குக்குக் காசு வாங்கி விளையாட விடுவார். அங்கே எல்லாக் கருவிகளும் தலைகீழாகத்தான் இருக்கும். அதுதான் அதன் வடிவம் என்றே நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து ஒன்றைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஆரம்ப கால மாடல்களில் லேசர் கண் நகரும் தண்டவாளம் பிளாஸ்டிக். தேய்ந்து கண் ஒரு பக்கம் சரிந்துவிடும். கவிழ்த்து வைத்தால் மறுபக்கம் விழுந்து மறுபடி வாசிக்கும். அந்த அண்ணாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். அவரே கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

கொழும்பு 13, கொட்டாஞ்சேனை

நான் இவற்றை விளையாடி வளர்ந்தவன் அல்லன், வயது அப்படி. மகனுக்காக வாங்கி, அவன் விட்ட பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

ஃபேமிகொம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15. அந்தத் தேதியை முதலில் வாசித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் இந்த நகரம் எரியத் தொடங்கியது. அந்த வாரம் எங்கள் வீட்டு டீவியும் தெருவில் கிடந்தது. அதே மாதத்தில் எங்கோ ஒரு நாட்டில் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு இந்தச் சிவப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருப்பார். என் மேசையில் அதைத் திறந்து வைக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

நகலைப் பற்றித் தம்பி சொன்னதோடு உடன்படுகிறேன். என்னிடம் ஏழு நகல்கள் உள்ளன. மூன்று ஓடவில்லை, மொட்டுப் போய்விட்டது. அவற்றின் உடலையும் கன்ட்ரோலர்களையும் வைத்து மற்ற நான்கையும் காப்பாற்றுகிறேன். இன்னொன்று: 2022 மின்வெட்டுக் காலத்தில் எனக்கு மூன்று அடாப்டர்கள் போயின. மின்சாரம் போகும்போது அல்ல, திரும்பி வரும்போது. இப்போது விளையாடி முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன்.

கொழும்பு 11, புறக்கோட்டை

நான் பள்ளி விட்டதும் ஒரு நானாவின் ரேடியோ திருத்தும் கடையில் வேலை கற்றவன். இன்று கைப்பேசிதான் திருத்துகிறேன். ஆனாலும் யாராவது 'கேம் போய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தால் மற்ற வேலையை ஓரம் வைத்துவிடுவேன்.

கேம் போயில் இரண்டு பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, உள்ளே விட்ட பற்றரி ஒழுகி முனைகள் நீலப் பச்சையாகப் பூத்திருக்கும். ஒழுகியது காரம், அதனால் புளிப்பு வேண்டும். நானா தேசிக்காயை வெட்டி இரண்டு சொட்டுப் பிழிவார். புசுபுசுவென்று நுரைக்கும். நுரை அடங்கியதும் துடைத்து, அல்ககோலால் புளிப்பையும் எடுத்துவிடவேண்டும். விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கும். வினாகிரியும் சரி.

மற்றது திரையில் செங்குத்துக் கோடுகள் காணாமல் போவது. திரையின் கீழ் ஓரத்தில் பட்டையான நாடா வயர் ஒட்டியிருக்கும், அந்த ஒட்டு விட்டிருக்கும். சோல்டரிங் அயனை அதிகம் சூடாக்காமல் நாடாவின் மேல் மெதுவாக இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாக உயிர்த்து வரும். மங்கிய பச்சை நிறத் திரையில் அந்தக் கோடு நிரம்பும் காட்சியைக் காட்டத்தான், பொருளின் சொந்தக்காரரை நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைப்பது.

கசெட்டில் சேமித்த விளையாட்டு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். உள்ளே ஒரு பொத்தான் பற்றரிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, கழற்றினால் போய்விடும். ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்த கசெட்டில் அவருடைய காலமான தம்பியின் ஆட்டம் இருந்தது, தம்பியின் பெயரோடு. பற்றரி கடைசி மூச்சில் இருந்தது. கசெட்டைத் திறந்தபடி கேம் போயில் செருகி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். நான் வழமையாகச் செய்யாத முறை அது. ஒரு கால் தவறி மற்றதைத் தொட்டால் எல்லாம் அழிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் கடையில் யாரும் பேசவில்லை. அணைத்துத் திரும்பப் போட்டோம். பெயர் இருந்தது.

கொழும்பு 6, வெள்ளவத்தை

புறக்கோட்டை அண்ணா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

தனியே ஒருவர், திரையில் வாத்துச் சுடும் விளையாட்டின் துப்பாக்கி புதிய டீவியில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தார். உங்கள் துப்பாக்கியில் பழுது இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக வரும்; துப்பாக்கிக்குள் உள்ள கண் அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் தேடும். தட்டை டீவி படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டுவதால் கண் தேடும்போது அங்கே எதுவும் இருக்காது. பெட்டி டீவி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கொட்டாஞ்சேனைப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. உடலைக் கழுவும்போது அடிப்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுதிய இரண்டு வரிசைக் கோடுகளைக் கண்டேன். ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டிய கோடுகள். ஒன்றின் மேல் 'அண்ணா', மற்றதன் மேல் 'நான்'. 'நான்' 41, 'அண்ணா' 37. அந்தப் பக்கத்தை அல்ககோலால் துடைக்கவில்லை, ஈரத் துணி மட்டும்தான்.

நேற்று அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஓடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, டிசம்பரில் மகள் வருகிறாள், அதுவரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். அவர்களின் புதிய வீட்டில் இருப்பது தட்டை டீவி. அதனால் என் 14 அங்குலப் பெட்டி டீவியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.